கிழிக்கக் கூடாத தாள்கள்

நுழையும்முன்

நூலின் அட்டை, பேருந்தின் பெயர்ப்பலகை, மருந்து அட்டையின் எழுத்து, தேர்தல் சின்னம் என நாள்தோறும் நம் கண்ணில் படுபவை பலவும் யாரோ ஒருவர் எண்ணிப் பார்த்து வடிவமைத்தவை. அவ்வாறு வடிவமைக்கும் கலையே வரைகலை. அக்கலையைப் பயிலும் மாணவரின் குறிப்பேட்டில், எத்துறையைப் பயில்வோருக்கும் பயன்தரும் பாடம் ஒன்று உள்ளது. அது குறித்து ஓர் ஆசிரியர் எண்ணியவற்றை இக்கட்டுரை கூறுகிறது.

தருமபுரி மாவட்டத்துப் பள்ளிகளில் நெடுங்காலமாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். நான் செய்த பிழை ஒன்றைக் கூறியே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டும். பதினோராம் வகுப்பில் பயின்ற மாணவி ஒருவர், தம் தமிழ்க் குறிப்பேட்டின் பக்கங்களில் எழுத்துகளை விதவிதமாக வரைந்து வைத்திருந்தார். ழகரம் மட்டுமே ஒரு பக்கம் முழுவதும் பத்துப் பன்னிரண்டு வடிவங்களில் நின்றது. ஒன்று தடித்திருந்தது, ஒன்று கொடிபோல் வளைந்திருந்தது, சில பாதியில் அடிக்கப்பட்டிருந்தன. “குறிப்பேடு தூய்மையாக இருக்க வேண்டும்” என்று கூறி, அத்தாள்களைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதிவரச் செய்தேன். அவரும் மறுபேச்சின்றி எழுதி வந்தார். தூய்மைக்காக மதிப்பெண்ணும் அளித்தேன்.

ஆண்டுகள் சில கடந்தன. விடுமுறை நாளொன்றில் அம்மாணவி என்னைக் காண வந்தார். சென்னையில் காட்சித் தொடர்பு வடிவமைப்பு என்னும் பட்டப்படிப்பில் மூன்றாம் ஆண்டு பயில்வதாகக் கூறினார். அவர் கையில் தடித்த குறிப்பேடுகள் மூன்று இருந்தன. “ஐயா, எங்கள் கல்லூரியில் முடித்த படத்தைப் பார்ப்பதற்கு முன்பே இவற்றைத்தான் கேட்பார்கள். ஒரு தாளைக்கூடக் கிழிக்கக் கூடாதாம்” என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். அவர் சிரிப்பில் குத்தல் ஏதும் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

அக்குறிப்பேடுகளைப் புரட்டிய பின்னர் எனக்குள் உறுதிப்பட்ட கருத்து இது: ஒருவரின் படைப்பாற்றல் அவர் முடித்துக் காட்டும் படைப்பைவிட, அதற்கு முன் அவர் வரைந்து தள்ளிய வரைவுகளில்தான் வளர்கிறது. அவ்வரைவுகளைக் குப்பை என்று எண்ணும் பழக்கத்தை நம் பள்ளிகள் கைவிட வேண்டும்.

பார்க்கக் கற்றல்

முதற்குறிப்பேட்டில் ஓவியம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. வெள்ளைத் தாளில் கறுப்புக் காகிதச் சதுரங்கள் நான்கு ஒட்டப்பட்டிருந்தன. அந்நான்கு சதுரங்களை மட்டுமே கொண்டு ‘நெருக்கடி’, ‘தனிமை’, ‘சரிவு’ ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்பது பயிற்சி. மனித உருவம் வரையக் கூடாது. வண்ணம் தீட்டக் கூடாது. தனிமை என்னும் சொல்லுக்கு மட்டும் அவர் பதினேழு தாள்களில் முயன்றிருந்தார். முதல் தாளில் ஒரே சதுரம் நடுவில் இருந்தது. அதனருகே அவர் எழுதியிருந்த குறிப்பு: “இது தனிமையாகத் தெரியவில்லை, அரசன் வீற்றிருப்பதுபோல் தெரிகிறது.” பதினேழாம் தாளில் மூன்று சதுரங்கள் ஒரு மூலையில் ஒட்டி நின்றன, நான்காவது எதிர் மூலையில் சற்றே சாய்ந்திருந்தது. பார்த்தவுடன் எனக்குப் பொருள் விளங்கியது.

பதினாறு முறை தவறாமல் அவர் பதினேழாவதை அடைந்திருக்க இயலாது. ஒவ்வொரு தாளிலும் எது பொருந்தவில்லை, ஏன் பொருந்தவில்லை என்று இரண்டு வரி எழுதியதே அவரை அடுத்த தாளுக்கு நகர்த்தியது. படைப்பாற்றல் பிறவியில் சிலருக்கு மட்டும் வாய்ப்பது என்று நம்புவோர் இத்தகைய தாள்களைப் பார்க்க வேண்டும்.

கல்லில் கண்ட எழுத்து

இரண்டாம் குறிப்பேடு எழுத்து வடிவங்களுக்கு உரியது. தம் ஊரின் பழைய எழுத்தொன்றைக் கண்டு, அதன் இயல்பைப் புதிய எழுத்துருவில் கொணர வேண்டும் என்பது பணி. அவர் தருமபுரியிலுள்ள அரசு அருங்காட்சியகத்திற்குச் சென்று நடுகற்களின் முன் அமர்ந்து வரைந்திருந்தார். தகடூர் எனப் பழம்பெயர் கொண்ட இப்பகுதி நடுகற்களுக்குப் பெயர்பெற்றது. பல்லவர் காலத்து நடுகற்கள் பலவற்றில் வட்டெழுத்தைக் காணலாம்.

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாகக் கூறுவதை நீங்கள் அறிவீர்கள். அவற்றுள் முதல் நிலையின் பெயர் ‘காட்சி’. தக்க கல்லைத் தேடிக் காண்பதே அது. உளி எடுப்பதற்கு முன் கண் வேலை செய்ய வேண்டும் என்பதை நம் முன்னோர் ஒரு சொல்லில் வைத்துவிட்டனர்.

அம்மாணவியின் முதல் வரைவுகள் கல்லெழுத்தை அப்படியே படியெடுத்தவை. ஆசிரியர் அவற்றை ஏற்கவில்லை. கல்லில் எழுத்து ஏன் அவ்வாறு வளைந்தது, உளி எங்கே ஆழ்ந்தது, எங்கே மேலெழுந்தது எனக் கேட்டிருக்கிறார். விடை தேடி அவர் மீண்டும் அருங்காட்சியகம் சென்றார். பிறகு ஓலைச்சுவடியைப் பற்றிப் படித்தார். ஓலையில் புள்ளியிட்டால் துளை விழும் என்பதனால் மெய்யெழுத்துகள் புள்ளியின்றி எழுதப்பட்டதையும், வீரமாமுனிவர் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைத் தெளிவாக்கியதையும், பெரியார் 1935ஆம் ஆண்டு முதல் தம் இதழில் பயன்படுத்திய சீர்திருத்த எழுத்துகளைத் தமிழ்நாடு அரசு 1978ஆம் ஆண்டில் ஏற்றதையும் குறித்திருந்தார். அதன் கீழே, “நம் எழுத்தும் பலமுறை திருத்தி எழுதப்பட்டே இவ்வடிவை அடைந்திருக்கிறது” என்று ஒரு வரி. இலக்கண வகுப்பில் நான் நடத்திய பாடம் ஓவியத் தாளில் உயிர்பெற்றிருந்தது.

பேருந்து நிலையத்தில் ஒரு மூதாட்டி

மூன்றாம் குறிப்பேடே என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. மக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு பொருளின் குறையைக் கண்டறிந்து களைய வேண்டும் என்பது அப்பருவத்தின் பணி. அவர் பேருந்துப் பெயர்ப்பலகையை எடுத்துக்கொண்டார். நம் மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி என்றோர் ஊரும், பாப்பிரெட்டிப்பட்டி என்றோர் ஊரும் உள்ளன. இரண்டும் ‘பாப்’ என்று தொடங்கிப் ‘பட்டி’ என்று முடிகின்றன. தருமபுரியிலிருந்து அவை வெவ்வேறு திசைகளில் உள்ளன. விரைந்து வரும் பேருந்தின் பலகையைத் தொலைவிலிருந்து பார்க்கும் முதியவர் ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால், அவருடைய ஒருநாள் பொழுது வீணாகிவிடும்.

அவருடைய முதல் வரைவில் ஒகேனக்கல் அருவியும் பரிசலும் அழகுற வரையப்பட்டிருந்தன. வகுப்பில் அதனைச் சுவரில் ஒட்டித் திறனாய்வு செய்தபோது, “படம் இருக்கிறது, ஊர் எங்கே?” என்று சக மாணவர் ஒருவர் கேட்டாராம். இரண்டாம் வரைவில் வழித்தடத்திற்கு ஒரு வண்ணம் கொடுத்தார். மாலை மங்கலில் வண்ணங்கள் ஒன்றுபோல் தெரிந்தன. மூன்றாம் வரைவில் இரண்டு பெயர்களிலும் வேறுபடும் நடு எழுத்துகளைத் தடிப்பாக்கினார். பத்து, இருபது, முப்பது அடி தொலைவில் நின்று பலரைப் படிக்கச் செய்து குறித்துக்கொண்டார். அது ஓரளவு பயன் தந்தது.

பின்னர்ப் பேருந்து நிலையத்தில் மூதாட்டி ஒருவரிடம், “ஆயா, உங்கள் ஊர் வண்டியை எப்படி அடையாளம் கண்டுகொள்கிறீர்கள்?” என்று கேட்டிருக்கிறார். “எனக்கு எழுத்து எங்கே தெரியும் கண்ணு? நெம்பரைப் பார்ப்பேன். ரூபாய் எண்ணத் தெரியும் இல்லையா?” என்று விடை வந்தது. அந்த விடையால் அதுவரை வரைந்த அனைத்தும் தலைகீழாயின. ஊர்ப்பெயரைச் செப்பனிடுவதிலேயே மூழ்கியிருந்தவர், வழித்தட எண்ணைப் பலகையின் ஓரத்திலிருந்து நடுவிற்குக் கொண்டுவந்து பெரிதாக்கினார். பக்கத்தின் அடியில் அவர் எழுதியிருந்த குறிப்பை மறக்க இயலவில்லை: “இதுவரை நான் எனக்காக வரைந்தேன். ஆயாவுக்காக வரையவில்லை.”

இறுதிப் பலகையில் அழகு என்று சொல்ல அதிகம் இல்லை. ஓர் எண், ஒரு பெயர், அவ்வளவுதான். அதை மட்டும் பார்ப்பவர் ஒரு மணிநேர வேலை என்று எண்ணக்கூடும். குறிப்பேட்டைப் பார்ப்பவரே அதன் பின்னுள்ள அறுபது தாள்களையும் ஒரு மூதாட்டியின் குரலையும் அறிவார்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் இணையர் 1958ஆம் ஆண்டில் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்த வடிவமாக அவர்கள் வியந்து கூறியது, நாம் வீட்டில் நீர் மொள்ளும் செம்பை. தலைமுறை தலைமுறையாகப் பலர் கைகளால் திருந்தி வந்த வடிவம் அது. அவ்வறிக்கையின் வழியில் 1961ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

ஒரு சின்னத்தின் பின்னால்

கள்ளக்குறிச்சிப் பகுதியைச் சேர்ந்த த. உதயகுமார் வடிவமைத்த சின்னத்தை நீங்கள் நாள்தோறும் பயன்படுத்துகிறீர்கள். இந்திய ரூபாயின் சின்னமே அது. நடுவண் அரசு 2009ஆம் ஆண்டில் அறிவித்த போட்டிக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. அவற்றுள் ஐந்து இறுதிச் சுற்றுக்குத் தேர்ந்தன. 2010ஆம் ஆண்டு ஜூலை 15 அன்று உதயகுமாரின் வடிவத்தை அமைச்சரவை ஏற்றது. தேவநாகரி ரகரமும் உரோமன் ஆர் எழுத்தும் அதில் இணைகின்றன. மேலுள்ள இரண்டு கிடைக்கோடுகள் தேசியக் கொடியை நினைவூட்டுகின்றன. சில நொடிகளில் எழுதிவிடக்கூடிய சின்னம் அது.

ஆனால், அதன் பின்னே அவர் எழுத்தோடு பழகிய ஆண்டுகள் உள்ளன. அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை பயின்ற அவர், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வடிவமைப்பு பயின்றார். மாணவராக இருந்தபோதே ‘பராசக்தி’ என்னும் தமிழ் எழுத்துருவை உருவாக்கினார். முனைவர் பட்டத்திற்குத் தமிழ் அச்செழுத்துகளை ஆராய்ந்தார். தமிழ் எழுத்தின் வளைவுகளை அவ்வளவு காலம் பார்த்த கண்ணே, பிறமொழி எழுத்துகள் இரண்டை ஒரே சின்னத்தில் இணைத்தது.

ஓவியர் ஆதிமூலம் வாழ்விலும் இதனைக் காணலாம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்து, சென்னைக் கலைக் கல்லூரியில் பயின்ற அவர், 1969ஆம் ஆண்டு காந்தி நூற்றாண்டையொட்டிக் காந்தியடிகளை ஏறத்தாழ நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். நாடே அறிந்த ஒரு முகத்தை நூறு முறை பார்க்கும் பொறுமை அவரிடம் இருந்தது. பின்னாளில் தமிழ் நூலட்டைகளிலும் தலைப்பெழுத்துகளிலும் அவர் கோடு தனித்து அறியப்பட்டது.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்திற்கு மறுப்புகள் எழலாம். ஐம்பது பேர் உள்ள வகுப்பில் வரைவுகளைப் படிக்க ஆசிரியருக்கு நேரம் ஏது என்பது ஒன்று. இது நியாயமான கேள்வி. எல்லா வரைவுகளையும் படிக்க வேண்டியதில்லை. கட்டுரையோடு அதன் முதல் வரைவை இணைத்து, “எதை மாற்றினேன்? ஏன் மாற்றினேன்?” என்று மூன்று வரி எழுதச் செய்தால் போதும். நான் இப்போது அவ்வாறே செய்கிறேன். அம்மூன்று வரிகள், முழுக் கட்டுரையைவிட மாணவரை எனக்கு நன்றாக அறிமுகப்படுத்துகின்றன.

செயற்கை நுண்ணறிவுச் செயலி நொடியில் பத்துப் படங்கள் தரும்போது கையால் அறுபது தாள் வரைவது எதற்கு என்பது மற்றொன்று. கருவியை வெறுக்க வேண்டியதில்லை. அச்சுப்பொறியும் கணினியும் கருவிகளாகவே வந்தன. எனினும் அந்தப் பத்தில் எது அந்த மூதாட்டிக்கு உதவும் என்று தேர்ந்தெடுக்க ஒரு கண் வேண்டும். பேருந்து நிலையத்தில் நின்று அவரிடம் கேட்க ஒரு மனம் வேண்டும். இவ்விரண்டும் தாமே பார்த்து, தாமே தவறி, தாமே திருத்தியவர்க்கே வாய்க்கின்றன.

கிறுக்கியவை அனைத்தும் வரைவுகள் ஆகிவிடுமா என்றும் கேட்கலாம். ஆகா. ஏன் என்னும் வினா எழாத தாள் வெறுந்தாளே. காரணத்தோடு தள்ளப்பட்ட தாளுக்கே நான் இவ்வளவு மதிப்புத் தருகிறேன்.

உங்களுக்கு

மாணவர்களே! உங்களுள் சிலர் செய்முறைப் பதிவேட்டின் படங்களைப் பிறரிடம் கொடுத்து வரைந்து வாங்குகிறீர்கள். “எனக்கு வரைய வராது” என்பது நீங்கள் கூறும் காரணம். இதயத்தின் நான்கு அறைகளைக் கோணலாக வரைந்தவர், அவை எவ்வாறு அமைந்துள்ளன என்பதை ஒருமுறையேனும் உற்றுப் பார்த்திருப்பார். அழகான படத்தை வாங்கி ஒட்டியவருக்கு அந்தப் பார்வை கிட்டவில்லை.

வரைகலையைப் பயில விரும்புவோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு. 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியே இன்று சென்னையில் அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகிறது. கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி உள்ளது. ஊரகத்து மாணவர்க்கு இவை எட்டாத இடங்கள் அல்ல. அங்கு செல்லும்போது உங்கள் கையில் இருக்க வேண்டிய முதற்பொருள், நீங்கள் கண்டதையும் தவறியதையும் பதிந்த ஒரு குறிப்பேடு. மருத்துவரோ உழவரோ கணக்கரோ ஆக விரும்புவோர்க்கும் அது வேண்டும்.

விடைபெறும்போது அம்மாணவி, “ஐயா, அந்த ழகரங்களில் ஒன்று நன்றாக வந்திருந்தது. மீண்டும் வரைய முயன்றேன், வரவில்லை” என்றார். அன்று கிழிக்கச் செய்த தாளை என்னால் மீட்டுத் தர இயலாது. உங்கள் குறிப்பேட்டில் இன்று இருக்கும் தாள்களையாவது நீங்கள் காத்துக்கொள்ளுங்கள்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் காணும் பெயர்ப்பலகை அல்லது அறிவிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதனைப் படிக்க இடர்ப்படுவோர் யாவர் எனக் கேட்டறிந்து, மூன்று மாற்று வடிவங்களை வரைந்து, ஒவ்வொன்றையும் ஏன் ஏற்றீர்கள் அல்லது தள்ளினீர்கள் என எழுதுக.

2. நீங்கள் அண்மையில் எழுதிய கட்டுரை ஒன்றின் முதல் வரைவையும் இறுதி வடிவையும் ஒப்பிட்டு, செய்த மாற்றங்களை வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘இயந்திரம் வரையும் காலத்தில் மனிதர் வரையக் கற்க வேண்டுமா?’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.