ஆயுதக் களைவு: களத்தில் மட்டுமல்ல, எழுத்து மேசையிலும் ஆள் தேவை

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல்துறை அவ்வப்போது அறிவிக்கிறது. தாமாகக் கொண்டுவந்து தருபவர்கள் மீது வழக்கு இல்லை என்றும் சொல்கிறது. சில நாட்கள் கழித்து, துப்பாக்கிகள் வரிசையாக அடுக்கப்பட்ட ஒரு படம் செய்தித்தாளில் வரும். அத்துடன் அந்தச் செய்தி முடிந்துவிடும்.

செய்தி முடிந்தாலும் சிக்கல் முடிவதில்லை. குழலின் வாய்வழியே கரிமருந்தையும் ரவையையும் கெட்டித்துச் சுடும் இந்தத் துப்பாக்கியை மலைவாசிகள் வைத்திருப்பது வேட்டைக்காகவும், பயிரைக் காட்டுப்பன்றியிடமிருந்து காக்கவும்தான். ஆயுதச் சட்டத்தில் 2019-ல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். ஆனாலும், பயிர்ச்சேதத்துக்கு வழி சொல்லாமல் துப்பாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டால், அந்த இடத்தை இன்னொரு துப்பாக்கி நிரப்பிவிடும். அல்லது அதைவிடக் கொடிய ஒன்று வரும்.

அந்தக் கொடியதற்கு மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் 'அவுட்டுக்காய்' என்று பெயர். தின்பண்டத்துக்குள் வைக்கப்படும் நாட்டு வெடி அது. பன்றிக்கு வைத்ததை யானை கடிக்கிறது. மேயப்போன மாடு கடிக்கிறது. சுள்ளி பொறுக்கப்போனவரின் கையிலும் அது வெடிக்கலாம். யார் தொடுகிறார்கள் என்று பார்க்காமல் வெடிப்பதுதான் அதன் இயல்பு. உலகம் கண்ணிவெடியைத் தடை செய்ததற்கும் இதே இயல்புதான் காரணம்.

அந்தத் தடை எப்படி வந்தது என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பின்னால் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஆயுதம் தாங்கியவர்கள் அல்லர், கணக்கெடுத்து எழுதியவர்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் அறுவை மருத்துவர்கள் தங்களிடம் வந்த கண்ணிவெடிக் காயங்களை வகைப்படுத்தி, 1991-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். 1992-ல் சில தன்னார்வ அமைப்புகள் சேர்ந்து கண்ணிவெடித் தடைக்கான சர்வதேச இயக்கத்தைத் தொடங்கின. 1997 டிசம்பரில் ஒட்டாவாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு நோபல் அமைதிப் பரிசும் அந்த இயக்கத்துக்குக் கிடைத்தது.

கையெழுத்திட்ட நாடுகள் சொன்னபடி நடக்கின்றனவா என்று பார்ப்பது யார்? அதற்காக 1999 முதல் 'லேண்ட்மைன் மானிட்டர்' என்ற ஆண்டறிக்கை வருகிறது. 2023-ல் மட்டும் குறைந்தது 5,757 பேர் கண்ணிவெடிகளாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் கொல்லப்பட்டார்கள் அல்லது காயமடைந்தார்கள் என்று அந்த அறிக்கை பதிவு செய்தது. விவரம் தெரிந்தவர்களில் 84 விழுக்காட்டினர் பொதுமக்கள். வயது தெரிந்த பொதுமக்களில் 37 விழுக்காட்டினர் குழந்தைகள். இந்த எண்களை எந்த அரசும் தட்டில் வைத்துக் கொடுப்பதில்லை. பல மொழிச் செய்திகளையும் மருத்துவமனைப் பதிவுகளையும் அரசுகள் அளிக்கும் அறிக்கைகளையும் ஒப்பிட்டு, ஒரே சம்பவம் இருமுறை எண்ணப்படாமல் பார்த்து, ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் தேடி, பிழை திருத்தி, வரைபடம் சேர்த்து அச்சுக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. இத்தகைய அமைப்புகளில் ஆய்வு, வெளியீட்டுப் பிரிவுப் பயிற்சியாளர்களாகச் சேரும் இளைஞர்கள் பழகும் வேலையும் இதுதான்.

இந்த வேலைக்கு இன்று அவசரம் கூடியிருக்கிறது. கொத்துக்குண்டுத் தடை ஒப்பந்தத்திலிருந்து 2025 மார்ச்சில் லிதுவேனியா விலகியது. அதே ஆண்டில் எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா, பின்லாந்து, போலந்து ஆகியவை கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்திலிருந்தும் விலக முடிவெடுத்தன. ரஷ்யாவின் மீதான அச்சத்தை அவை காரணமாகச் சொல்கின்றன. இந்தியாவோ இந்த இரண்டு ஒப்பந்தங்களிலும் சேரவே இல்லை. பாதுகாப்பு என்ற வாதத்துக்கு முன்னால் நிற்கக்கூடியது, யார் செத்தார்கள், எங்கே செத்தார்கள் என்ற நம்பகமான கணக்கு ஒன்றுதான். 2006-ல் தெற்கு லெபனான் மீது இஸ்ரேல் 40 லட்சம் வரை சிறுகுண்டுகளைப் பொழிந்ததாக ஐ.நா. மதிப்பிட்டது. அந்தக் கணக்கும் அதன் பின் வந்த பதிவுகளும் 2008-ல் கொத்துக்குண்டுத் தடை உருவாக வலுச் சேர்த்தன.

தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு இது தொலைதூரக் கதையும் அல்ல. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். 2009-ல் போர் முடிந்த பின் வடக்கில் ஊர் திரும்ப நினைத்த தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் எல்லாருக்கும் முதல் கேள்வி, நிலத்துக்கடியில் என்ன இருக்கிறது என்பதே. முகமாலை போன்ற இடங்களில் பெண்கள் பலர், போரில் கணவரை இழந்தவர்களும் சேர்த்து, மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறிக் கண்ணிவெடி எடுத்தார்கள். இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்திலும், 2018 மார்ச்சில் கொத்துக்குண்டுத் தடை ஒப்பந்தத்திலும் சேர்ந்தது. கண்ணிவெடிகளை முழுவதும் அகற்ற அதற்கு 2028 ஜூன் வரை கெடு இருக்கிறது. அந்தப் பெண்களின் வாக்குமூலத்தைத் தமிழில் கேட்டு, உலகம் படிக்கும் அறிக்கையில் சேர்க்க ஆள் வேண்டாமா?

இங்கேதான் நம் சமுதாயம் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழோடு அரபியும் உருதுவும் அறிந்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். மதரஸாவில் ஓதிய பிறகு கல்லூரிக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். ஏமன், சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளின் செய்திகளை மூல மொழியில் சரிபார்க்க இந்த மொழியறிவு பெரும் மூலதனம். ஆனால் பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் நம் பேச்சு பொறியியல், மருத்துவம், வளைகுடா என்ற மூன்றைத் தாண்டுவதில்லை.

பெற்றோரின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. இத்தகைய பயிற்சிகளில் பலவற்றுக்குச் சம்பளம் இல்லை, அல்லது கைச்செலவுக்கு மட்டும் காணும். ஜெனீவா போன்ற நகரத்தில் வாடகை கொடுத்து மாதக்கணக்கில் தங்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளையால்தான் முடியும். அதனால் போரின் அடி விழும் சமூகங்களிலிருந்து எழுத ஆள் வராமல், வசதியான நாடுகளின் பிள்ளைகளே எழுதும் நிலை தொடர்கிறது. கல்வி உதவித்தொகை தரும் நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் ஆண்டுக்கு ஒருவர், இருவரையாவது இத்துறைக்கு அனுப்பத் திட்டமிடலாம். வீட்டிலிருந்தே செய்யும் பயிற்சி கிடைத்தால் செலவு இன்னும் குறையும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாது மலைகளில் நாட்டுத் துப்பாக்கியாலும் நாட்டு வெடியாலும் நேரும் சம்பவங்கள் பெட்டிச் செய்தியாக வந்து மறைகின்றன. நாள், ஊர், வயது, ஆயுதம், காயம், செய்தியின் ஆதாரம் என்று ஆறு கட்டங்கள் போட்டு, நாலு மாணவர்கள் ஓராண்டு தொகுக்கட்டும். பாதிக்கப்பட்டவரின் பெயரைக் காக்கட்டும். இரண்டு ஆதாரமாவது இல்லாததைத் தனியே வைக்கட்டும். அந்தத் தொகுப்பு மாவட்ட ஆட்சியரிடமும் வனத்துறையிடமும் போனால், துப்பாக்கியை ஒப்படை என்ற கட்டளையோடு பயிருக்கு வேலி, சேதத்துக்கு உரிய இழப்பீடு என்ற பேச்சும் எழ வழி பிறக்கும். வெளிநாட்டுப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பிள்ளையிடம் காட்டுவதற்கு ஒரு வேலையும் கையில் இருக்கும்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். பாதையில் முள் கிடந்தால் குனிந்து எடுத்துவிடலாம். வெடி கிடந்தால், அது எங்கே கிடக்கிறது என்று முதலில் யாராவது குறித்து வைக்க வேண்டும். குறித்து வைக்கும் அந்த ஆள் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கட்டும், இன்ஷா அல்லாஹ்.