பாதரசமும் பளபளப்பும்

குளிக்கச் சோப்பு, துவைக்கத் தூள், முகத்துக்குப் பசை என்று வீட்டுக்கு வீடு நுழைந்திருக்கிறது யூனிலீவர் கம்பெனியின் சரக்கு. இலண்டனிலே தலைமையகம், இந்நாட்டிலே இந்துஸ்தான் யூனிலீவர் என்று பெயர். அந்தத் தலைமைக் கம்பெனியின் இயக்குநர் அவையிலே ஒரு குழு உண்டு. 'கம்பெனிப் பொறுப்பு, நற்பெயர்க் குழு' என்று அதற்குப் பெயர் சூட்டியிருந்தார்கள். பின்னாளில் 'நற்பெயர்' என்ற சொல்லை விட்டுவிட்டு, 'பொறுப்புக் குழு' என்றார்கள். அன்றாட நிர்வாகத்தில் இல்லாத இயக்குநர்கள் அதிலே அமர்வார்கள். ஆண்டுக்குச் சில முறை கூடுவார்கள். அதிகாரிகள் தரும் அறிக்கையைப் படிப்பார்கள்.

நல்ல ஏற்பாடுதானே என்பீர்கள். வேண்டாமென்று நாமும் சொல்லவில்லை. ஆனால், பொறுப்பு வேறு, நற்பெயர் வேறு, தோழர்களே! தவறு எங்கே என்று தேடிப் போவது பொறுப்பு. தவறு வெளியே தெரியாதவரை கவலையில்லை என்று இருந்துவிடக் கூடியது நற்பெயர். இரண்டும் மோதினால் வெல்வது எது? கொடைக்கானலைக் கேளுங்கள்!

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து 1983இல் அந்த மலைக்கு வந்தது வெப்பமானித் தொழிற்சாலை. 1987இல் பாண்ட்ஸ் கம்பெனியை யூனிலீவர் வாங்கியபோது, ஆலையும் கைமாறிற்று. வெப்பமானிக்கு உயிர் பாதரசம். அதே பாதரசம் உடைந்த கண்ணாடியிலே ஒட்டும். ஆவியாகி மூச்சிலே கலக்கும். 2001ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே, அந்தக் கண்ணாடிக் கழிவு ஊருக்குள் காயலான் கடையிலே கிடந்தது!

கண்டுபிடித்தவர் யார்? குழுவினரா? கோட்டணிந்த கனவான்களா? இல்லை. ஊர்மக்களும் சூழல் காக்கும் இயக்கத்தாரும்! அதன் பிறகே ஆலை மூடப்பட்டது. விதிமுறையை மீறிக் கழிவு விற்கப்பட்டதென்று கம்பெனியும் ஒப்புக்கொண்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறிற்று.

கழிவுக்குக் கப்பல் கிடைத்தது. தொழிலாளிக்கு?

பாதரசத்தால் உடல் கெட்டது என்றனர் தொழிலாளர். ஆய்வுகளிலே அதற்குச் சான்றில்லை என்றது கம்பெனி. 2006இல் தொழிலாளர் சங்கம் சென்னை உயர்நீதிமன்றத்தின் படியேறிற்று. வழக்கு நடந்தது, ஆண்டுகள் நடந்தன. இதற்கிடையே 2010இல், உலகின் நலம் காக்கும் பெருந்திட்டம் ஒன்றை யூனிலீவர் அறிவித்தது, பாராட்டும் பெற்றது. 2015 ஜூலையில் சோபியா அஷ்ரப் என்ற சென்னைப் பெண் கொடைக்கானலின் குறையைப் பாட்டாகப் பாடி இணையத்தில் விட்டார். இலட்சக்கணக்கானோர் கேட்டனர். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. 'மனிதாபிமான அடிப்படையிலே' என்று கம்பெனி விளக்கம் தந்தது.

ஆலை மூடி 15 ஆண்டு! பாட்டு வந்து எட்டே மாதம்! கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 135ஆம் பிரிவு: பெரிய கம்பெனிகள் சமூகப் பொறுப்புக் குழு அமைக்க வேண்டும், முந்திய 3 ஆண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டை நற்பணிக்குச் செலவிட வேண்டும். வரவேற்கிறோம். ஆனால் அந்த 2 ரூபாய் எங்கே போயிற்று என்று கேட்கும் பிரிவு, 100 ரூபாய் எப்படி வந்தது என்று கேட்கவில்லையே! குழுவிலே இயக்குநர்களுக்கு இடமுண்டு. ஆலைத் தொழிலாளிக்கு இடம் தர வேண்டுமென்று அது சொல்லவில்லையே!

பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பதும் மரக்கன்று நடுவதும் நல்ல காரியங்கள்தான். ஆனால் பாதரசப் புகையை முதலில் சுவாசிக்கிறவன் தொழிலாளி. அடுத்தவர் ஆலையோரத்துக் குடும்பத்தார். ஆபத்தை முதலில் அறிகிறவர்கள் பேச இடமில்லாத குழு, தணிக்கை செய்வது காகிதத்தைத்தான்.

ஆகவே நாம் கேட்பது தானமல்ல, நாற்காலி! ஆலைத் தொழிலாளருக்கு ஒன்று. ஆலை நிற்கும் ஊருக்கு ஒன்று. இதைச் சட்டமாக்கச் சொல்லிச் சங்கங்கள் தோறும் தீர்மானம் நிறைவேறட்டும். பொறுப்பு அந்த நாற்காலிகளில் அமரட்டும். நற்பெயர் தானே தேடி வரும்.