வால்வை மாற்றினால் வேகம் வருமா?

மேற்குக் கரையில் மத்திய அரசின் மீன்பிடித் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். சில மாநிலங்களில் இந்தக் கணக்கு சற்று மாறும். வேராவல், மால்பே துறைமுகங்களில் விசைப்படகுகள் ஓய்வெடுக்கும் இந்த நாட்கள்தான் என்ஜின் பட்டறைகளுக்கு அறுவடைக் காலம். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியதும் படகு முதலாளியின் காதில் ஒரு யோசனை விழும்: எப்படியும் பிரித்தாயிற்று, கையோடு கடினமான ஸ்பிரிங், பெரிய வால்வு, புது கேம் ஷாஃப்ட் போட்டுவிட்டால் படகு பறக்கும்.

பறக்காது. இழுவைப் படகின் டீசல் என்ஜின் பந்தயக் கார் என்ஜின் அல்ல. அதன் உச்ச வேகத்தைக் கவர்னர் கட்டிப்போட்டிருக்கிறது. பெரும்பாலும் நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு அக்கம்பக்கம். ஸ்பிரிங்கால் வால்வை உரிய நேரத்தில் மூட முடியாமல் போவது அதைவிட மிக அதிகமான வேகத்தில்தான். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்தால் பக்கவிளைவுதான் மிஞ்சும். ஸ்பிரிங் கடினமானால் கேம், டேப்பெட், புஷ் ராடு, ராக்கர் அனைத்தும் சீக்கிரம் தேயும். வால்வை அதிக உயரம் தூக்கும் கேம் இன்னும் ஆபத்து. டீசல் என்ஜினில் பிஸ்டன் மேலே வரும்போது அதற்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவு. இரண்டும் மோதினால் பிஸ்டனோடு சேர்ந்து தலையும் போகும்.

சரி, எப்படியோ கூடுதல் சக்தி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதைத் தண்ணீர் தின்றுவிடும். புரொப்பெல்லரின் சுழற்சியை 10 சதவிகிதம் கூட்ட ஏறக்குறைய 33 சதவிகிதம் கூடுதல் சக்தி வேண்டும். தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும் 50 அடிப் படகுக்கு 9, 10 நாட் என்பதே இயற்கை போட்ட எல்லை. அதைத் தாண்ட முயன்றால் டீசல் கரையுமே தவிர தூரம் குறையாது. தவிர, என்ஜினின் குதிரைத்திறனுக்குச் சட்ட வரம்பு உள்ள மாநிலங்களும் உண்டு.

அப்படியானால் வால்வுப் பக்கம் கையே வைக்க வேண்டாமா? வைக்க வேண்டும், வேகத்துக்காக அல்ல, ஆயுளுக்காக. நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஒவ்வொரு வால்வும் 900 முறை திறந்து மூடும். பத்து நாள் பயணத்தில் 200 மணி நேரம் ஓடினால் ஒரு கோடியே எட்டு லட்சம் முறை. எக்சாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியைச் சீட்டில் உட்காரும் அந்தக் கணத்தில்தான் இறக்கி வைக்கிறது. சீட் தேயத் தேய இடைவெளி குறைகிறது. ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாது. அனல் வாயு கசிந்து அதன் விளிம்பை அரித்துவிடும்.

இங்கேதான் செலவுக்குப் பலன் உண்டு. ஸ்டெல்லைட் முகம் வைத்த எக்சாஸ்ட் வால்வு, கடினமான சீட் வளையம், புதிய கைடு, ஸ்டெம் சீல், தயாரிப்பாளர் சொன்ன அளவிலேயே புது ஸ்பிரிங். தலையைக் கழற்றும் கூலி ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்பதால் உதிரிபாக விலையும் லேத் வேலையும்தான் கூடுதல். ஆனால் தேய்மானம் வரம்புக்குள் இருந்தால் இதுவும் வேண்டாம். வால்வை கிரைண்ட் செய்து, ஃபில்லர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்தால் போதும்.

பெட்ரோல் ஸ்பீட் போட் கதை வேறு. நிமிடத்துக்கு 5,000 சுற்றுவரை போகும் கார் வழி வந்த வி-8 என்ஜின்களில் நல்ல ஸ்பிரிங்குக்கும் ரோலர் ராக்கருக்கும் வேலை இருக்கிறது. அங்கும் ஒரு கண்ணி உண்டு. இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் நீளமான பந்தய கேம் போட்டால், மெதுவாக ஓடும்போது புகைக்குழாயில் விடப்படும் குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் திரும்பி வரும். உப்பு நீர் பட்ட வால்வு துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது. கேரளக் கரையில் 1980-களில் பரவிய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளுக்கோ இந்தக் கவலையே கிடையாது. அவற்றில் கேமும் இல்லை, ராக்கரும் இல்லை.

ஆகவே பணத்தை எடுக்குமுன் முதலாளி மூன்றைக் கேட்க வேண்டும். கம்ப்ரஷன் பார்த்தாயிற்றா? கரும்புகைக்குக் காரணம் நாசிலா, ஏர் ஃபில்டரா? புரொப்பெல்லர் என்ஜினுக்குப் பொருத்தமான அளவுதானா? இழுக்க முடியாமல் திணறும் பல என்ஜின்களின் வியாதி இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் தெரியாமல் வாங்கும் கேம் ஷாஃப்டால் லாபம் பட்டறைக்கு. வலையைப் போட்டுவிட்டு நடுக்கடலில் என்ஜின் நின்றால், கட்டி இழுத்து வர இன்னொரு படகைத் தேடும் அவஸ்தை முதலாளிக்கும் தொழிலாளிக்கும்.