காபரேற்றரைக் கழற்ற முன்னம்

பழைய கார் வைத்திருக்கும் யாரிடமாவது "கார் நடுவழியில நிக்குது" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் வாய் மூட முன்னமே "காபரேற்றராத்தான் இருக்கும், கழற்றிக் கிளீன் பண்ணுங்கோ" என்று பதில் வரும். காபரேற்றர் பாவம். பொறி சரியாக வராவிட்டாலும், பெற்றோல் குழாய் அடைத்தாலும், தாங்கிக்குள் துரு இருந்தாலும் பழி அதன் தலையில்தான் விழும்.

எங்களில் கனபேர் இப்போது பழைய கார் தேடுகிறோம். அப்பாமார் ஊரில் ஏறித் திரிந்த ஒஸ்ரின், மொறிஸ் கார்களை இங்கே விளம்பரத்தில் கண்டால் மனம் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். எங்கள் வீட்டிலும் ஆடியது. 1967ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்று, 1098 சிசி எஞ்சின், வாங்கினோம். 40 வருடத்துக்கு மேற்பட்ட, பெரிதாக மாற்றம் செய்யாத கார் என்பதால் பிரித்தானியாவில் இதற்கு வீதி வரி இல்லை. வருடாந்த எம்.ஓ.ரி. சோதனையும் கட்டாயமில்லை. சோதனை இல்லை என்றால் பொறுப்பு முழுக்க எங்களுடையது என்று அர்த்தம்.

முதல் இரண்டு கிழமையிலேயே வருத்தம் தெரிந்தது. குளிரில் உடனே ஸ்ரார்ட் ஆகும். இருபது நிமிடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். பிறகு சிவப்பு விளக்கில் நிற்கும்போது எஞ்சின் தள்ளாடி, ஒரு குலுக்கலோடு நின்றுவிடும். உடனே திரும்ப ஸ்ரார்ட் ஆகாது. கால் மணித்தியாலம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல் ஓடும். ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்குப் போகும் வழியில், சுற்றுவட்டத்தின் வாயிலேயே நின்றது. பின்னால் லொறி. பின் சீற்றில் இரண்டு பிள்ளைகள்.

அன்று மனைவி சொன்னது ஒரே வசனம்: "இது திருந்தும்வரைக்கும் பிள்ளையள் இதில ஏறமாட்டினம்." அதில் வாதாட ஒன்றும் இல்லை. மாத முடிவுக்குள் காரணம் பிடிபடாவிட்டால் காரை விற்பது என்று இருவரும் முடிவெடுத்தோம்.

ஒரு கராஜில் காட்டியபோது, மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் புதுக் காபரேற்றர் போடச் சொன்னார்கள். ஊரில் பக்கத்து வீட்டு ஏ40 வாடகைக் காரை வருடக்கணக்கில் ஓட்டிய அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார். "தம்பி, வருத்தம் என்னெண்டு தெரியாம மருந்து குடுக்கிறதே?"

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். அங்கேயும் இதுதான் விதி. பிழையை முதலில் வேண்டுமென்றே மறுபடி வரவைக்க வேண்டும். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால், கார் திருந்தினாலும் எதனால் திருந்தியது என்று தெரியாது.

அது செய்யும் வேலை

எஞ்சின் நன்றாக எரிய, ஒரு கிராம் பெற்றோலுக்கு ஏறக்குறைய 15 கிராம் காற்று வேண்டும். அந்தக் கலவையைப் போடுவதுதான் காபரேற்றர். மொறிஸ் மைனரில் இருப்பது எஸ்.யூ. வகை. எஸ்.யூ. என்பது ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சப்பாத்து வியாபாரக் குடும்பத்துச் சகோதரர்கள் தொடங்கிய கொம்பனி. ஆரம்ப காலத்தில் உள்ளே பிஸ்ரனுக்குப் பதிலாகத் தோல் துருத்தி வைத்தார்களாம். சப்பாத்துக்காரருக்குத் தோலுக்கா பஞ்சம்!

உள்ளே ஒரு பிஸ்ரன். அதன் அடியில் நுனி மெலிந்த ஊசி. அந்த ஊசி பெற்றோல் வரும் துவாரத்துக்குள் இறங்கி நிற்கும். நீங்கள் அக்சிலறேற்றரை மிதித்தால் எஞ்சின் கூடக் காற்று இழுக்கும், பிஸ்ரன் மேலே எழும்பும், ஊசியும் கூட எழும்பும், துவாரம் பெரிதாகிக் கூடப் பெற்றோல் வரும். பக்கத்தில் ஒரு சிறு கிண்ணம், அதற்குள் மிதவை. எங்கள் கழிவறைத் தண்ணீர்த் தொட்டியில் இருப்பதுபோலத்தான். மட்டம் ஏறினால் மிதவை ஏறி வால்வை மூடும். இவ்வளவுதான். இதில் கொம்பியூற்றர் ஒன்றும் இல்லை, பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தலாம். எங்கள் மகளுக்குப் பத்து வயதுதான்.

முதலில் பொறி

காபரேற்றரைத் தொட முதல் பிளக் நாலையும் கழற்றிப் பாருங்கள். மண்ணிறம் என்றால் கலவை சரி. வெள்ளை என்றால் பெற்றோல் குறைவு. காய்ந்த கரி போலக் கறுப்பு என்றால் பெற்றோல் கூட. எங்களுடையது நாலும் கறுப்பு. ஒன்று மட்டும் கறுப்பென்றால் அந்தச் சிலிண்டரில் தேடலாம். நாலும் ஒரே மாதிரி என்றால் நாலுக்கும் பொதுவான இடத்தில்தான் பிழை.

சூட்டில் நின்றுவிடும் கார்களில் கொயில் சூடாகிச் செத்துப்போவதும் உண்டு. அதனால் எஞ்சின் நின்ற அந்த நிமிடமே பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிளக் வயரில் கொழுவும் சிறு சோதனை விளக்கு மலிவாகக் கிடைக்கும். வயரைக் கழற்றி எஞ்சினில் உரசிப் பொறி பார்க்கும் பழைய வழக்கம் வேண்டாம், பக்கத்தில் பெற்றோல் ஆவி இருக்கும். எங்கள் விளக்கு ஒழுங்காக மின்னியது. டிஸ்ரிபியூற்றர் பொயின்ற் இடைவெளியும் 0.015 அங்குலம், ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர், சரியாக இருந்தது. பொறி குற்றவாளி இல்லை.

டிக் டிக் சத்தம்

மொறிஸ் மைனரில் மின் பம்ப். சாவியைத் திருப்பியதும், எஞ்சினை ஸ்ரார்ட் பண்ண முதலே, டிக் டிக் டிக் என்று அடிக்கும். கிண்ணம் நிரம்பி மிதவை வால்வை மூடியதும் சத்தம் நிற்க வேண்டும். வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கியில் பெற்றோல் இல்லை, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது. நின்று நின்று இடையில் ஒவ்வொரு டிக் வந்தால் பெற்றோல் எங்கோ கசிகிறது.

இந்த வேலையை மகளிடம் கொடுத்தேன். காரில் இருந்து தள்ளி, கதிரையில் இருந்தபடி கொப்பியில் குறிக்க வேண்டும். முதலில் கடகடவென்று அடித்தது, பிறகு குறைந்தது. ஆனால் நிற்கவில்லை. மூன்று செக்கனுக்கு ஒன்று, மூன்று செக்கனுக்கு ஒன்று. "அப்பா, எஞ்சின் ஓடேல்லை. அப்ப பெற்றோல் எங்க போகுது?" என்று கேட்டாள்.

சரியான கேள்வி. வெளியே ஒரு சொட்டும் விழவில்லை. அப்படியென்றால் மிதவை வால்வு மூடாமல், பெற்றோல் கிண்ணத்தில் மட்டம் மீறித் துவாரம் வழியாக எஞ்சினுக்குள் போகிறது. இப்போது எல்லா அறிகுறியும் ஒன்றோடொன்று பொருந்தியது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடப் பெற்றோல் விருப்பம், அதனால் காலையில் பிரச்சினை இல்லை. வேகமாக ஓடும்போது மேலதிகமானதை எஞ்சின் எரித்துவிடும். சூடான பிறகு சிவப்பு விளக்கில் மெதுவாக ஓடும்போதுதான் அது பெற்றோலில் மூழ்கும். கால் மணித்தியாலம் விட்டால் மேலதிகமானது ஆவியாகிப் போய்விடும், திரும்ப ஓடும்.

கிண்ணத்தின் மூடி மூன்று ஸ்குறூதான். உள்ளே அடியில் செம்மண் போலத் துருத்தூள். வால்வின் வாயில் கறுப்பு றப்பர்த் துகள்கள். மிதவையைக் காதருகே குலுக்கிப் பார்த்தோம். உள்ளே பெற்றோல் போயிருந்தால் சலசலக்கும், சலசலக்கவில்லை. குற்றவாளி அந்தத் துகள்தான்.

துகள் எங்கிருந்து வந்தது? 2021 செப்ரெம்பரில் இருந்து பிரித்தானியாவில் சாதாரணப் பெற்றோல் ஈ10, அதாவது 10 வீதம்வரை எதனோல் கலந்தது. எதனோல் பழைய றப்பர் குழாய்களை உள்ளிருந்து அரிக்கும். தண்ணீரையும் இழுத்து வைத்திருக்கும், அதனால் நாள்கணக்கில் நிற்கும் காரின் தாங்கியில் துரு ஏறும். பழைய கார்களுக்கு சூப்பர் என்று விற்கும் ஈ5 பெற்றோலே நல்லது. தாங்கியை வடித்து, குழாய்களை ஆர்9 என்று அச்சிட்ட எதனோல் தாங்கும் வகைக்கு மாற்றி, ஒரு ஃபில்ரரும் புது வால்வும் போட்டோம். எல்லாவற்றுக்குமான செலவு, புதுக் காபரேற்றர் விலைக்குக் கிட்டவும் வரவில்லை.

அப்பப்பாவின் பாடம்

அப்பா பாகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் கேட்டாள், ஏன் பெற்றோலை நேரே எஞ்சினுக்குள் ஊற்றக் கூடாது என்று. "பிள்ளை, பெற்றோல் எரியிறேல்லை. பெற்றோலின்ர ஆவிதான் எரியிறது" என்றார். பிறகு, நான் இதுவரை முழுதாகக் கேட்டிராத ஒரு கதையைச் சொன்னார்.

1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவதில்லை. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் எங்கோ தேடிப் பிடித்த கொஞ்சப் பெற்றோலைச் சின்னப் போத்தலில் வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின் என்பதால் அது தாங்கியது. புகையும் மணமும் ஊரெல்லாம். இரவில் பிரசவத்துக்கு ஆள் ஏற்றிப் போகும்போது நடுவழியில் எஞ்சினை நிற்பாட்டக் கூடாது, நிற்பாட்டினால் திரும்ப ஸ்ரார்ட் பண்ணத் துளிப் பெற்றோல் வேண்டும். "அந்தப் போத்தலை வீட்டில நகை மாதிரி ஒளிச்சு வைச்சிருந்தனாங்கள்" என்றார்.

போரைப் பற்றி நேரே கேட்டால் அப்பா "அதெல்லாம் ஏன் இப்ப" என்று எழும்பிப் போய்விடுவார். கையில் ஒரு ஸ்பனர் இருந்தபோது வந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், கேள்வி கேட்பதை விட்டுவிட்டு ஒரு வேலையைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

கடைசியில் கலவை

இப்போதுதான் காபரேற்றரின் நட்டுக்கு வேலை. துவாரத்தின் மேல் விளிம்பு மட்டமாக வரும்வரை அடியில் இருக்கும் நட்டை மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று இறக்குங்கள். தொடங்க அது போதும். எஞ்சின் நன்றாகச் சூடானதும் பக்கத்தில் இருக்கும் சிறு ஆணியால் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றர் அளவு உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூட, நட்டை ஏற்ற வேண்டும். வேகம் விழுந்தால் குறைவு, இறக்க வேண்டும். சற்றுக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. நட்டின் ஆறு பக்கங்களில் ஒவ்வொரு பக்கமாக மட்டும் திருப்புங்கள்.

மேல் மூடியைக் கழற்றி எண்ணெயும் பாருங்கள். மூடித் தடியை இறக்கும்போது கையில் ஒரு தடை தெரிய வேண்டும். தெரியாவிட்டால், மிதித்தவுடன் எஞ்சின் திணறும். கொஞ்சம் எஞ்சின் எண்ணெய் விட்டால் போதும்.

எல்லா வேலையும் வெளியில், பற்றரியைக் கழற்றி, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துச் செய்யுங்கள். எஞ்சின் ஓட்டிச் செய்யும் சோதனையை மூடிய கராஜுக்குள் செய்யவே கூடாது. பிள்ளைகளுக்குக் கேட்கிற வேலை, குறிக்கிற வேலை. பெற்றோல் வேலை பெரியவர்களுக்கு. இன்னொன்று: சீற் பெல்ற் இல்லாமல் செய்யப்பட்ட காரில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையை ஏற்ற இங்கே சட்டம் விடாது. மற்றப் பிள்ளைகள் பின் சீற்றில்தான் இருக்கலாம். சட்டம் எதுவானாலும் பின் சீற்றுக்கு பெல்ற் பூட்டிவிட்டு ஏற்றுங்கள். நாங்கள் அதைத்தான் முதலில் செய்தோம்.

மனைவி போட்ட நிபந்தனை ஐந்து பயணம். ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம், நெரிசல் வீதியில், பிள்ளைகள் இல்லாமல். நான்கை நான் தனியே ஓடினேன். ஐந்தாவதுக்கு அவர் தானே சாவியை எடுத்து ஓட்டினார். பதினொரு சிவப்பு விளக்கு, ஒன்றிலும் நிற்கவில்லை. "சரி, ஏத்துவம்" என்றார்.

நீங்கள் பழைய கார் பார்க்கப் போனால், முதல் நாளே சொல்லி, எஞ்சினைச் சூடாக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். சாவியைத் திருப்பிச் சத்தம் நிற்கிறதா என்று கேளுங்கள். அரை மணித்தியாலம் ஓட்டி, சூட்டில் பத்து நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் அடுத்த காரைப் பாருங்கள்.

அடுத்த முறை பிரேக். ஓடுகிற கார் நிற்கவும் வேண்டுமே.