மலிவான ஊர் யாருக்கு மலிவு?

ஓய்வுக்குப் பின் எங்கே குடியேறலாம் என்ற கேள்விக்கு இப்போதெல்லாம் பட்டியல்கள் தயாராக இருக்கின்றன. பினாங்கு, பாலி என்று வெப்பமண்டலத் தீவுகளை வரிசைப்படுத்தி, வீட்டு வாடகை இவ்வளவு, ஒரு வேளைச் சாப்பாடு இவ்வளவு, வீட்டு வேலைக்கு ஆள் இவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தருகிறார்கள். தமிழ்ப் பதிப்பில் தீவுக்குப் பதிலாகத் தாமிரபரணி. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, குற்றாலம், தென்காசி. ஆற்றுக் குளியல், பொதிகைக் காற்று, சென்னை வாடகையில் கால் பங்கு. இலக்கிய வாசகர்களாகிய நமக்குக் கூடுதலாக ஒரு சலுகையும் உண்டு: நெல்லை எழுத்தாளர்களின் ஊரில் வாழ்கிறோம் என்ற பெருமிதம்.

இந்தப் பட்டியல்களில் விடுபட்டுப்போகிற ஒரு கேள்வி இருக்கிறது. ஊர் ஏன் மலிவாக இருக்கிறது? அரிசியும் எண்ணெயும் சிமெண்டும் எங்கும் ஏறக்குறைய ஒரே விலைதான். மிச்சமிருப்பவை இரண்டு: நிலத்தின் விலை, மனிதரின் கூலி. சமையல்கார அம்மாளும் கொத்தனாரும் தோட்டக்காரரும் குறைவாகப் பெறுவதால்தான் நம் ஓய்வூதியம் அங்கே பெரிதாகத் தெரிகிறது. ‘கட்டுப்படியாகும் ஊர்’ என்று நாம் மகிழ்வது, அவ்வூர்க்காரருக்குக் கட்டுப்படியாகாத ஒரு கூலியைத்தான்.

நகரத்துப் பணம் வந்து இறங்கும்போது நிலத்தின் விலையும் பழைய இடத்தில் நிற்பதில்லை. தீவுக்காரர்களிடமே இதற்குச் சான்று உண்டு. பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய வாடகைக் கட்டுப்பாடு 2000-இல் முடிவுக்கு வந்தது. 2008-இல் அந்நகரம் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. தலைமுறைகளாகக் குடியிருந்த சிறு கடைக்காரர்களும் கைத்தொழிலாளர்களும் வெளியேற, அவர்கள் இருந்த வீடுகள் பல விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின. நம் பக்கத்திலும் கால்வாய்ப் பாசனத்து நஞ்சை மனைகளாகிக்கொண்டுதான் இருக்கிறது. ‘வயலைப் பார்த்த வீடு’ என்று விற்கிறார்கள். எதிரே அடுத்த வீடு எழும்பும் வரை வயல் தெரியும்.

தீவுக்கும் இந்தப் பள்ளத்தாக்குக்கும் உள்ள உறவு புதிதன்று. இலங்கைக்கும் இந்த ஆற்றுக்கும் பழைய பெயர் ஒன்றே: தாமிரபரணி. அந்தத் தீவுக்கு இங்கிருந்து போனவர்கள் பட்டியல் பார்த்துப் போகவில்லை. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் வரும் மருதி, திருநெல்வேலிச் சீமையின் ஒரு கிராமத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவள். ஊரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவளுக்கு இருந்ததில்லை. 1964-இன் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவானபோதும், எந்த நாட்டில் யார் வாழ்வது என்பதை இரண்டு அரசுகள்தான் பேசித் தீர்த்தன.

பழங்கதை என்று ஒதுக்குகிறவர்கள் அம்பாசமுத்திரத்திலிருந்து மணிமுத்தாறு வழியாக மேலே ஏறிப் பார்க்கலாம். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட காட்டில் எழுந்த தோட்டங்கள் இவை. 1999 ஜூலை 23 அன்று அத்தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குப் பின் ஆற்றில் உயிரிழந்தவர்கள் 17 பேர். அவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. நாம் குளித்துக் களிக்க விரும்பும் அதே ஆறு. 2028-இல் குத்தகை முடிவதை முன்னிட்டு 2024-இல் நிறுவனம் விருப்ப ஓய்வு அறிவித்தது. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கூரையும் போகும். நான்கு தலைமுறை மலையில் வாழ்ந்தவர்கள் ஒரே பருவத்தில் சமவெளியில் ஊர் தேட வேண்டியதாயிற்று. அரசின் தேயிலைக் கழகம் தோட்டங்களை ஏற்று நடத்தட்டும் என்ற அவர்களது கோரிக்கையை 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. மறுவாழ்வு உதவிகளை வழங்கும்படி அரசைப் பணித்தது.

காடு காடாகத் திரும்ப வேண்டாமா என்று கேட்பார்கள். திரும்பட்டும். அது களக்காடு – முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் அமைந்த மழைக்காடு. அதன் ஈரத்தில்தான் இந்தப் பள்ளத்தாக்கே வாழ்கிறது. ஆனால் காடு திரும்புவதன் பலன் ஆற்று நீராக நம் எல்லோருக்கும் வந்து சேர, அதன் விலையைக் கொழுந்து பறித்தவர்கள் மட்டும் செலுத்துவது எந்த நியாயம்? கொழுந்து பறிக்கத் தெரிந்த கைக்குச் சமவெளியில் என்ன வேலை? அந்தக் குடும்பம் தேடுவதும் ஒரு மலிவான ஊரைத்தான். அதே ஊரில், அதே தெருவில், நாமும் நம் சேமிப்போடு வாடகை கேட்டு நிற்கிறோம். வீட்டுக்காரர் யாருக்குக் கொடுப்பார்?

சொந்த ஊருக்குத் திரும்புவது குற்றமென்று நான் வாதிடவில்லை. பூட்டிக்கிடக்கும் அக்கிரகார வீட்டைத் திறந்து விளக்கேற்றுவது நல்ல காரியம். வருகிறவர்கள் நஞ்சையைத் தொடாமல் ஊருக்குள் வீடு பாருங்கள். சென்னையில் கொடுத்த கூலியை இங்கேயும் கொடுங்கள். மலையிலிருந்து இறக்கப்பட்டவர்கள் வேலையும் வீடும் கேட்டு மனுக் கொடுக்கும்போது உடன் நில்லுங்கள். அதனால் ஊர் கொஞ்சம் விலை கூடியதாகத் தெரியலாம். இத்தனை நாளும் அந்த வித்தியாசத்தை வேறு யாரோதான் செலுத்திவந்தார்கள்.