வெட்டி எறிவதற்கு முன்

பழைய காரொன்றைப் புதுப்பிக்க விரும்பும் ஒருவர் கராஜில் முதலில் கேட்பது ஒரு தீர்ப்பைத்தான்: "வயரிங் முழுவதையும் வெட்டி எறியவேண்டும்." பெரும்பாலும் பொனற்றைத் திறப்பதற்கு முன்னரே இது சொல்லப்பட்டுவிடுகிறது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, ஓடக்கூடிய எந்த வாகனத்துக்கும் விலை ஏறிய காலத்தில், இத்தீர்ப்பை நான் பலமுறை கேட்டேன். இதனை அனுபவம் என்கிறார்கள். சோம்பல் என்பதே என் கருத்து.

எறியப்படுவது என்னவென்று பாருங்கள். மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பிரித்தானிய கார்களில் லூக்காஸ் நிறுவனத்தின் நிற ஒழுங்கு இருந்தது. பற்றரியிலிருந்து எந்நேரமும் மின் வரும் வயர் மண்ணிறம், சாவியைத் திருப்பிய பின் மின் பெறுவது வெள்ளை, அதிலிருந்து பியூஸைக் கடந்து செல்வது பச்சை, முன்விளக்குகளுக்கு நீலம், ஏர்த் கறுப்பு. இந்த ஒழுங்கைக் கற்ற எவரும், முன்பின் பார்த்திராத காரிலும் பிழையைத் தேடிப் பிடிக்கலாம். அதனை அறுத்துவிட்டு என்ன வைக்கிறார்கள்? சந்தையில் மலிவாகக் கிடைத்த சிவப்பு வயர் ஒரு சுருள். நண்பர் ஒருவரின் மைனரில் டாஷ்போர்ட்டின் கீழ் பார்த்தேன்: எல்லாமே சிவப்பு, முறுக்கி ரேப் சுற்றிய இணைப்புகள். செய்தவருக்கே இன்று எது எதுவென்று தெரியாது.

பழையதெல்லாம் நல்லது என்று நான் வாதிடவில்லை. ஐம்பதுகளின் இறப்பர் உறையும் பருத்தி நூற்பின்னலும் கொண்ட வயர்கள் காய்ந்து உதிர்பவை. முனையருகே மெல்ல வளைத்துப் பாருங்கள். வெடித்தால் இரக்கம் வேண்டாம். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஏ-40 கார்களில், கைக்கு அகப்பட்டதை எல்லாம் கொண்டு ஒட்டுப்போட்ட வயர்கள் உண்டு. அவற்றை ஒட்டிய கைகளை வணங்குகிறேன். அந்த வயர்களை மீண்டும் பாவிக்கமாட்டேன்.

பின்னர் வந்த பிவிசி உறை வேறு கதை. முனையில் சிறிது சீவிப் பாருங்கள். செம்பு மினுங்கினால், நுனியை வெட்டிப் புதிய முனை பொருத்தினால் போதும். உள்ளே நெடுந்தூரம் கறுத்திருந்தால் அகற்றத்தான் வேண்டும். எஞ்சினின் சூட்டுக்கும் மழைநீருக்கும் அருகே உள்ளவை முதலில் கெடும். டாஷ்போர்ட்டின் பின்னால் ஒதுங்கிக் கிடப்பவை பெரும்பாலும் தப்பியிருக்கும். ஒவ்வொரு வயராகப் பார்க்கவேண்டிய வேலை இது. அதற்குத்தான் பொறுமை இல்லை.

மறுபுறத்தில், பரிசோதித்துவிட்டோம் என்று சாதிப்போரும் உண்டு. மல்ரிமீற்றரின் இரு முனைகளையும் வைத்து, அது ஒலித்தால் வயர் நல்லதாம்! பதினான்கு இழைகளில் பதின்மூன்று அறுந்து ஒன்று எஞ்சியிருந்தாலும் அது ஒலிக்கும். முன்விளக்கை எரியவிட்டு, பற்றரியிலும் விளக்கின் முனையிலும் வோல்ற்றை அளந்து ஒப்பிடுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் இழப்பு இருந்தால் அதன் காரணத்தைத் தேடவேண்டும். பல வேளைகளில் குற்றவாளி வயரே அல்ல. துருப்பிடித்த இணைப்பு, அல்லது ஏர்த் திருகாணி. அதன் கீழிருந்த இரும்பின் மீது பளபளவென்று புதுப் பெயின்ற் பூசியவரும் அதே கராஜ்காரர்தான். பழி மட்டும் அறுபது வயது வயரின் மேல்.

அசல் தன்மை பேசும் அன்பர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். மைனரில் இருந்தவை இரண்டே இரண்டு பியூஸ்கள். முன்விளக்குகளுக்கோ அந்த மண்ணிற வயர்களுக்கோ பியூஸே கிடையாது. அவற்றில் ஒன்று உரசி உடலிரும்பில் தொட்டால் தீயைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. ஆகவே பழைய வயர்களை வைத்திருப்பவர் அவ்விடங்களில் புதிய பியூஸ்களைச் சேர்க்கத்தான் வேண்டும். கண்காட்சியில் நடுவர் புள்ளி குறைத்தால் குறைக்கட்டும்.