ஜூன் விடுமுறைக்குள் பிள்ளைகள் இளைக்க வேண்டுமா?



மேலை நாடுகளில் கோடை வருமுன் உடல் இளைக்க வேண்டும் என்று பலர் முனைவதைப் படித்திருப்பீர்கள். ஆண்டு முழுவதும் வெயிலடிக்கும் சிங்கப்பூரில் கோடையின் இடத்தை ஜூன் விடுமுறை பிடித்துக்கொண்டுள்ளது. நான்கு வார விடுப்பு. ஊரில் வைகாசி, ஆனி முகூர்த்தங்கள். உறவினர் அனைவரும் கூடும் திருமண மண்டபம். தீபாவளிக்குத் தைத்த சட்டை இப்போது ஏறவில்லையே என்னும் கவலை ஏப்ரல் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறது. பெரியவர்கள் தங்களுக்கு இவ்வாறு நாள் குறித்துக்கொண்டால் அது அவர்தம் விருப்பம். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் நாள் குறிக்கப்படுவதைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அண்மையில் பெற்றோர் சந்திப்பின்போது தாய் ஒருவர், மகளின் மதிப்பெண்களைப் பற்றிப் பேசி முடித்தபின், "டீச்சர், காதில் ஊசி குத்தினால் பசி அடங்கிவிடுமாமே, தொடக்கநிலை நான்கில் படிக்கும் பிள்ளைக்குச் செய்யலாமா?" என்று கேட்டார். மகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். குடும்ப மருத்துவரைக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். கேள்வி என்னவோ என்னோடு தங்கிவிட்டது.

அக்குபங்சர் என்னும் குத்தூசி மருத்துவத்தை நான் இகழவில்லை. இந்நாட்டில் அது ஒளிவுமறைவாக நடக்கும் தொழிலன்று. 2000-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்தின்படிப் பதிவு பெற்றவர்களே அதனைச் செய்யலாம். முதுகுவலி, மூட்டுவலி என்று சென்று நலம் பெற்றதாகச் சொல்லும் தமிழர்களும் உளர். எடைக் குறைப்பின் கதை வேறு. காது மடலில் நுண்ணிய ஊசி குத்துகிறார்கள். அல்லது சிறு விதைகளை ஒட்டுத்தாளால் பதித்து, உணவுக்கு முன் அழுத்தச் சொல்கிறார்கள். இதுபற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அவற்றின் முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஊசியோடு கூடவே உணவுப் பட்டியலும் உடற்பயிற்சி அறிவுரையும் கொடுக்கப்படும்போது, குறைந்த எடைக்கு எது காரணம் என்று எவ்வாறு பிரித்தறிவது? பட்டியலைக் கடைப்பிடித்தவருக்கு ஊசியின்றியும் எடை குறைந்திருக்கலாமே.

ஊசியாவது பதிவு பெற்றவர் கையில் இருக்கிறது. 'ஸ்லிம் 10' மாத்திரையை நினைவில் வைத்திருப்போர் இருக்கலாம். 2002-இல் அதனை உட்கொண்ட பெண்மணி ஒருவர் கல்லீரல் செயலிழந்து உயிரிழந்தார். தொலைக்காட்சி நடிகை ஒருவர் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சையால் பிழைத்தார். விரைவில் இளைக்க வேண்டும் என்ற அவசரத்திற்கு இந்நகரம் கொடுத்த விலை அது.

ஆனால் என்னை மிகுதியும் உறுத்துவது மருந்தும் ஊசியும் அல்ல. எடையை முன்னிட்டுப் பிள்ளையைத் தனியே நிறுத்துவது. பள்ளிகளாகிய நாங்கள் அதனை ஒரு முறை செய்து பார்த்துவிட்டோம். கல்வி அமைச்சு 1992-இல் 'டிரிம் அண்ட் ஃபிட்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. எடை மிகுந்த மாணவர்கள் தனியே பிரிக்கப்பட்டுக் கூடுதல் உடற்பயிற்சி செய்தார்கள். பல பள்ளிகளில் அது இடைவேளையிலேயே நடந்தது. தோழர்கள் உணவகத்தில் அமர்ந்திருக்க, இவர்கள் திடலைச் சுற்றி ஓடுவார்கள். திட்டத்தின் பெயர்ச் சுருக்கமான 'டாஃப்' என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் 'ஃபேட்', அதாவது 'குண்டு' என்று வரும். இதனைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்!

எண்ணிக்கையில் திட்டம் வெற்றிதான். எடை மிகுந்த மாணவர்கள் ஏறத்தாழ 14 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காட்டிற்குச் சற்றுக் கீழே வந்தார்கள். இருந்தும் 2007-இல் அமைச்சு அதனைக் கைவிட்டு, எல்லா மாணவர்க்கும் பொதுவான முழுமைநல அணுகுமுறைக்கு மாறியது. எண்கள் நன்றாக இருக்கும்போதே ஒரு திட்டத்தை விடுவது எளிதன்று. அதனாலேயே அம்முடிவை நான் மதிக்கிறேன். பள்ளி விட்டொழித்ததை வீடுகள் கையிலெடுத்துக்கொள்வதுதான் வருத்தம் தருகிறது. அக்காளுக்கு நெய்த்தோசை, தங்கைக்கு வெறுந்தோசை. அண்ணனுக்கு மைலோ, தம்பிக்கு வெந்நீர்.

தமிழ் வகுப்புக்கும் இதில் பங்குண்டு. திருவிளையாடல் கதையில் வரும் குண்டோதரனைச் சொல்லிக்கொடுத்த மறுநாளே அப்பெயர் எந்தப் பிள்ளைக்குச் சூட்டப்படும் என்பது ஆசிரியர் எல்லாருக்கும் தெரியும். நான் இப்போது அக்கதையைச் சொல்லும்போது வைகை பிறந்த பகுதியில்தான் நெடுநேரம் நிற்கிறேன்.

எடை ஒரு பொருட்டே அல்ல என்று சொல்ல வரவில்லை. 2017-ஆம் ஆண்டுத் தேசிய தினப் பேரணி உரையில், அறுபது வயதைக் கடந்த இந்தியரில் பத்தில் ஆறு பேருக்கு நீரிழிவு என்று அன்றைய பிரதமர் குறிப்பிட்டார். உடல்நிறைக் குறியீடு 23-ஐத் தொட்டாலே ஆசியர்க்கு இடர் கூடத் தொடங்குகிறது என்பதால், இங்குப் பெரியவர்களுக்கு அதுவே எல்லையாகக் கொள்ளப்படுகிறது. பிள்ளைகளுக்கு இக்கணக்குப் பொருந்தாது. வயது, பால், உயரம் ஆகியவற்றைக் கொண்டு பார்க்க வேண்டும். வளரும் பிள்ளையின் எடையைப் பல வேளைகளில் குறைக்கவே வேண்டியதில்லை. எடை ஏறாமல் நிற்க, உயரம் வளர்ந்தால் போதும். அதற்கு ஓராண்டோ ஈராண்டோ ஆகலாம். முகூர்த்த நாளுக்கு அது காத்திராது.

ஆகவே மாற வேண்டியது பிள்ளையின் தட்டு மட்டும் அன்று, மேசை முழுவதும். தட்டில் பாதி காய்கனி, கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு பருப்போ மீனோ இறைச்சியோ என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்வதை நம் வீட்டுத் தட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நம் தட்டில் பாதிக்கு மேல் வெள்ளைச் சோறு. காய் ஓரத்தில் ஒரு கரண்டி. ஞாயிறு காலை பரோட்டாவும் தே தாரிக்கும் அப்பாவுக்கு உண்டு, மகளுக்கு இல்லை என்றால், அவள் கற்றுக்கொள்வது உணவைப் பற்றி அன்று.

ஆசிரிய நண்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை இடைவேளையில் உட்கார வைக்காதீர்கள். துணைப்பாட வகுப்புகளுக்கு இடையில் பல பிள்ளைகள் ஓடியாடக் கிடைக்கும் அரைமணி நேரம் அது ஒன்றுதான்.

இந்த ஜூன் விடுமுறைக்கு என் வகுப்புக்கு ஒரு பணி கொடுக்கவிருக்கிறேன். பெற்றோருடன் தேக்கா ஈரச்சந்தைக்குச் சென்று பத்துக் காய்கறிகளின் தமிழ்ப் பெயர்களைக் கடைக்காரரிடமே கேட்டு எழுதி வர வேண்டும்; அவற்றுள் வீட்டில் இதுவரை சமைக்காத ஒன்றை வாங்க வேண்டும். ஃபேரர் பார்க் நிலையத்தில் இறங்கிச் சிராங்கூன் சாலை வழியாக நடந்தே போங்கள். பீர்க்கங்காய்க்கும் புடலங்காய்க்கும் வேறுபாடு தெரியாத பெற்றோர் பிள்ளையோடு சேர்ந்து எழுதிக்கொள்ளலாம்.